ஆண்டு விழாவில் முதல் பரிசு

குளக்கரைப் பள்ளியில் கொக்குதான் டீச்சர். வாத்துக் குஞ்சுகளுக்கு அங்கே ஒரே பாடம்: ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பது. ஒரு குஞ்சின் வால் லேசாகத் துடித்தாலும், "அங்கே என்ன ஆட்டம்?" என்று கொக்கு அதட்டும். வருஷ முடிவில் எல்லாக் குஞ்சுகளும் நட்டுவைத்த கம்பு போல நின்றன. பெற்றோருக்கு ஏகப் பெருமை.

அப்போது ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் எருமை. குஞ்சுகளின் நடனத்துக்குத் தவளைகள் பாட்டை ஆரம்பித்தன. மேடையில் குஞ்சுகள் ஒற்றைக் காலில் நின்றன.

"ஆடுங்கடா!" என்று ஓரத்திலிருந்து கொக்கு பல்லைக் கடித்தது, பல் இல்லாவிட்டாலும். ஒரு குஞ்சும் அசையவில்லை. "இப்படி, இப்படி!" என்று இறக்கையை விரித்துக் காட்டியது. குதித்துக் காட்டியது. மூச்சு வாங்கச் சுழன்றும் காட்டியது. பாட்டு முடிந்துவிட்டது.

எருமை தொண்டையைச் செருமியது. "ஓரத்துல ஆடிச்சே, அந்த உயரமான வெள்ளைக் குழந்தை, அதுக்குத்தான் முதல் பரிசு!"

மறுநாள் கொக்கு அதே பாட்டை முனகிக்கொண்டு, துள்ளித் துள்ளி வகுப்புக்கு வந்தது.

ஒற்றைக் காலில் நின்ற ஒரு குஞ்சு சொன்னது: "கொஞ்சம் ஆடாம நில்லுங்க டீச்சர். எங்களுக்குக் கவனம் சிதறுது."