முதல் மடக்கு

பீங்கான் ஆலையில் சூளை பார்க்கும் விருத்தகிரி, குடித்துவிட்டு வருபவர் உறவினரே ஆனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அவரே அன்று மங்கலம்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் சேரனிடம் ஸ்காட்ச் விஸ்கி கேட்டார்.

"முதல் தடவை குடிக்கிறவங்களுக்கு எதுப்பா நல்லது?"

"இந்த வயசுலயா ஆரம்பிக்கிறீங்க, பெரியவரே?" சேரன் சிரித்தபடி இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தான். "இது பொகை வாசம் அடிக்கும். இது தேனாட்டம் எறங்கும்."

"பொகை வேணாம். தேனையே குடு."

வீட்டில் மகனின் கருமாதிப் படையலுக்கு இலை போட்டிருந்தார்கள். பாட்டிலைக் கண்டு திகைத்த மனைவி பாஞ்சாலையிடம் விருத்தகிரி சொன்னார்:

"புள்ள மொத மொதலா ஆசையா ஒரு பாட்டில் வாங்கியாந்தான். ஒரு சொட்டு வாயில படுறதுக்குள்ள ஒடச்சு, வூட்ட வுட்டே தொரத்திட்டேனே!"

மகனின் படத்தின் முன் டம்ளரில் ஊற்றினார் விருத்தகிரி.

"குடிடா கண்ணு. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்."