பின்வரிசைக் கதிரை

வட்டாரத் தேர்தலில் தோற்றிருந்தும் தவமலர் பிரதேச சபை மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஊரூராய்ச் சிதறிக் கிடந்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்து, விகிதாசாரக் கணக்கு அவளுடைய சின்னக் கட்சிக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தது. நம்ப முடியாமல் கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டேயிருந்தாள்.

களவாய் மணல் ஏற்றிய டிப்பர் லொறியை மறித்ததற்காக அவள் வேலிக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியவன் விமலேந்திரன். அவனும் அதே வட்டாரத்தில்தான் தேர்தல் கேட்டான். அவன் வரவே கூடாதென்று சனம் விடியவே வரிசையில் நின்று அவனைத் தோற்கடித்தது. அன்றைக்குத்தான் அவள் பயமில்லாமல் கண்ணயர்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளியிருங்கோ தங்கச்சி, இன்னொராள் வருது." சபைப் பணியாளர் பிளாஸ்டிக் கதிரையொன்றை அவளை ஒட்டிப் போட்டார்.

"இது தோத்த ஆக்களின்ர வரிசையெல்லே? இன்னும் ஆர் அண்ணை?"

வெள்ளை வேட்டி வந்து அமர்ந்தது. விமலேந்திரன். அவனுடைய கட்சி தனக்குக் கிடைத்த விகிதாசார இடத்துக்கு அவனையே பட்டியலில் போட்டிருந்தது. அவன் மேல் சந்தனம் மணந்தது. அவள் மூக்கில் ஏறியதோ மண்ணெண்ணெய். எழும்பப் பார்த்தாள். கதிரைகள் நெருங்கிக் கிடந்தன; வெளியே போக வழியில்லை.

விமலேந்திரன் மெல்லச் சாய்ந்தான்.

"ஏன் அக்கா நடுங்குறீங்கள்? நீங்கள் வந்த வாசலாலதான் நானும் வந்தனான். பூட்டச் சொல்லுவீங்களோ?"