மூன்றாம் ஓலை

இடது பக்கம் கல்தூண். வலது பக்கம் ரொட்டிக்கடைக்காரர். நடுவில் வசமாக மாட்டிக்கொண்டான் சாணைக்காரன். சாரல் அடிக்கிறதென்று தேவாலயத்தின் கதவையும் சாத்திவிட்டார்கள்.

"எங்கப்பா எழுந்திருக்கிற? உட்காரு சாணை, உட்காரு. ஆராதனை பாதியில இருக்கு." ரொட்டிக்கடைக்காரர் அவன் முழங்காலைப் பிடித்து அழுத்தினார்.

சாணைக் கல்லோடு வருஷக் கணக்காகக் குடித்தனம் நடத்தியதில் அவனுக்கு இடது காது போய்விட்டது. பிரசங்க மேடையோ இடது பக்கம்தான் இருந்தது. வலது காதை ரொட்டிக்கடைக்காரர் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

அந்தக் காதில்தான் சற்று முன் அந்தச் செய்தியைப் போட்டார். போதகர் வீட்டுத் தோட்டக்காரிக்குக் கல்யாணம். ஏற்கனவே இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்று மூன்றாவது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இன்றோடு சரி, அதற்கப்புறம் வாயைத் திறக்க முடியாது.

அவளைப் பார்க்கத்தான் அவன் ஊர் ஊராக நடந்து, மழையில் தொப்பலாக நனைந்து வந்திருந்தான்.

"மாப்பிள்ளை யாரு?" என்றான்.

"எவனோ வெளியூர்க்காரனாம். அந்தப் பேரை இங்க ஒருத்தரும் கேள்விப்பட்டதில்ல. சொந்த வண்டியாம், போற ஊரெல்லாம் வாடிக்கையாம். போதகர் வீட்டம்மா சொன்னாங்க. நம்ம ஊமைக்கு வந்த வாழ்வைப் பாரேன்! ஆனா மாப்பிள்ளைத் துரை ரெண்டு ஓலைக்கும் தலையைக் காட்டல."

யாரோ பெரிய வியாபாரி. சாணைக் கல்லைத் தள்ளிக்கொண்டு தெருத் தெருவாகக் கத்தும் தானெங்கே, அவனெங்கே?

போன வருஷம் அவளுடைய செடி வெட்டும் கத்தரி இரண்டு நாளைக்கு ஒருமுறை மழுங்கிப்போய் வந்தது. "நீ செடியை வெட்டுறியா, கல்லை வெட்டுறியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான். அவள் முகம் சிவந்து, நகர்த்த வேண்டாத தொட்டியை நகர்த்தப் போய்விட்டாள்.

ஊருக்கெல்லாம் அவன் வெறும் 'சாணை'; எப்போதாவது மெல்லிய குரலில் பேசும் அவள் 'ஊமை'. அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேரென்ன என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, வண்டியைத் தெருவில் இறக்கியபடியே கேட்டான். "மழைக்கு முன்னாடி திரும்பி வந்துடுவேன். என்னைக் கட்டிக்கிறியா?"

அவனுக்கு இடப்பக்கமாக, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை குனிந்திருந்தது. உதடு மட்டும் லேசாக அசைந்தது. வழிப்பயணத்துக்கு ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தான். கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அவள் முன்வரிசையில், வெள்ளை முக்காட்டில் உட்கார்ந்திருந்தாள். காற்றில் கதவு ஆடும்போதெல்லாம் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். தூணின் மறைவில் இருந்த அவன் அவள் கண்ணில் படவில்லை. அறைக்குள் சிக்கிய குருவி ஜன்னலைத் தேடுவதைப் போல இருந்தது அந்தப் பார்வை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. பிடிக்காத இடத்தில் பிடித்துத் தள்ளுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

'ஆண்டவரே, இது அவளுக்கு நல்லதுன்னா என் வாயைக் கட்டிப்போடும். இல்லைன்னா திறந்துவிடும்.'

போதகர் மேடையேறி ஓலையை விரித்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. ரொட்டிக்கடைக்காரர் இந்த மழையில் மாவு பொங்காததைப் பற்றி வலது காதில் புலம்பிக்கொண்டிருந்தார்.

சட்டென்று புலம்பல் நின்றது. கூட்டம் முழுவதும் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. எத்தனையோ ஊர்த் தேவாலயங்களில் இந்த அமைதியை அவன் பார்த்திருக்கிறான். ஆட்சேபணைக்காக விடும் இடைவெளி. எந்த ஊரிலும் ஒருவரும் எழுந்து அவன் பார்த்ததில்லை.

அவன் எழுந்தான். முன்பெஞ்சில் முழங்கால் இடித்தது.

"ஐயா! எனக்கு ஆட்சேபணை இருக்கு!"

மொத்தத் தலைகளும் திரும்பின. அவளும் திரும்பினாள். கை வாயைப் பொத்தியது. கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது.

"டேய் சாணை, உட்காருடா. மானத்தை வாங்காத," என்று ரொட்டிக்கடைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கண்ணே. ஐயா, அந்தப் பொண்ணுக்கு இதுல மனசில்ல. வாய் பேசாத பிள்ளைன்னு எல்லாருமாச் சேர்ந்து கட்டி வைக்கிறீங்க. வந்ததுலேருந்து அவ வாசலையே பார்த்துட்டு இருக்கா. இத்தனை பேர்ல ஒருத்தர் கண்ணுக்கும் அது தெரியலையா?"

போதகர் கோபப்படவில்லை. ஓலையை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, ஆட்சேபணை சொல்றவங்க பேரைச் சொல்லணும். இந்தச் சாணை கீணையெல்லாம் வேண்டாம். ஞானஸ்நானத்துல வச்ச பேரு என்ன?"

சொன்னான். அந்த ஊரில் அந்தப் பேரை அவன் இரண்டாவது முறையாகச் சொல்கிறான்.

ரொட்டிக்கடைக்காரரின் பிடி சட்டையிலிருந்து தானாக நழுவியது. முன்வரிசையில் வெள்ளை முக்காடு வெட்கத்தில் முழங்கால்வரை குனிந்தது.

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, உன் கல்யாணத்துக்கு நீயே ஆட்சேபணை சொன்னா எப்படி?"