பிடி

இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. தன் முழங்காலுக்குள் நடப்பதைச் செண்பகம் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சிறு துளைகள் வழியே போன கருவிகள் ஓடும் தண்ணீருக்குள் எதையோ தேடின. ஜவ்வோடு பெயர்ந்து வந்த எலும்புச் சில்லு தேங்காய்க் கீற்றுபோல அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

“ஜவ்வு அறுந்துபோகலம்மா. பிடிச்ச பிடியை விடாம எலும்பையே பேத்துக்கிட்டு வந்திருக்கு, பாருங்க” என்றார் டாக்டர்.

தரைப்பாலத்துக் கல்லிடுக்கில் அந்தக் கால் மாட்டிக்கொண்டபோது, வெள்ளம் இழுத்த அவள் புருஷன் தவசியின் கை அவள் வலக்கைக்குள்தான் இருந்தது. அவனைக் கண்டெடுக்க மூன்று நாளானது.

டாக்டர் சில்லை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து நூலால் இறுக்கிக் கட்டினார். பிறகு முழங்காலை மடக்கி, கெண்டைக்காலைப் பற்றி முன்னால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“இனிமே எவ்வளவு இழுத்தாலும் விடாதும்மா.”

பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம், பலகைமேல் நீட்டிக் கட்டியிருந்த தன் வலக்கையைச் செண்பகம் திரும்பிப் பார்த்தாள். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.