நத்தார் சந்தோசம்

அனோஜனின் சைக்கிள் இன்றைக்கும் நிற்கவில்லை. பேப்பர் மட்டும் கேற்றுக்கு மேலால் பறந்து வந்து, முற்றத்து ஈர மணலில், செல்வநாயகத்தின் காலடியில் விழுந்தது.

"தம்பி, நில்லடாப்பா!" என்று அவர் கையிலிருந்த கடித உறையை உயர்த்திக் காட்டினார். பையன் திரும்பிப் பார்த்தான். பார்த்த பிறகுதான் இன்னும் வேகமாக மிதித்தான்.

மூன்று வீடு தள்ளி, கனடாவிலிருந்து லீவுக்கு வந்து நிற்கிறவர்களின் வாசலில் அதே சைக்கிள் நின்றது. அந்த வீட்டு அம்மா ஏதோ கொடுக்க, பையன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தான். செல்வநாயகம் உறையைச் சாரத்து மடிப்புக்குள் செருகிவிட்டு, யாரும் பார்த்தார்களோ என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

மாங்குளத்தில் அந்த ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம், கிறிஸ்மஸுக்குப் பேப்பர்ப் பையனுக்குக் காசு கொடுக்கும் இந்த வழக்கத்தைப் பழக்கியவர் அவர்தான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். "பேப்பர் போடுற பிள்ளையளுக்கு நத்தாருக்குச் சந்தோசம் குடுக்கோணும். கசங்கின தாள் குடுக்கக்கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையிலை குடுக்கோணும்" என்று அயலுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். போன வருடம் கிடாய் விற்ற காசிலிருந்து, புத்தம் புதிய ஆயிரம் ரூபாத் தாளாகப் பார்த்தெடுத்து அனோஜனுக்கு அப்படித்தான் கொடுத்தார்.

"ஆயிரம் பேப்பர்க்காரத் துரைக்குக் காணாதாக்கும்," என்றார், குசினிக்குள் வந்து. "கனடாக்காரர் ஐயாயிரம் குடுத்திருப்பினம்."

பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த மனைவி றெஜினா அடுத்ததைத் திருப்பிப் போட்டாள். அடுத்த நாள் அவர் உறைக்குள் இரண்டாயிரம் வைத்து அவளிடம் கொடுத்து, கேற்றடிக்கு அனுப்பினார். தான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

றெஜினா போனபடியே உறையோடு திரும்பி வந்தாள். "பணியாரத்தை வாங்கினவன். வாசல்லை வைச்சே ஒண்டைச் சாப்பிட்டவன். என்வலப்பை மட்டும் வேண்டாமாம்."

"என்ன திமிர் பார்த்தியே!"

"திமிரில்லை. எல்லாம் உங்கடை வாயாலை வந்தது."

"நான் என்ன சொன்னனான்?"

"போன நத்தாருக்கு ரெண்டு நாள் பேப்பர் வரேல்லை. 'நான் குடுத்த காசிலை குடிச்சுப்போட்டுக் கிடக்கிறான்' எண்டு, கோயில் வாசல்லை வைச்சு எத்தினை பேருக்குச் சொன்னியள்? அது அவன்ரை காதுக்குப் போகாமலே இருக்கும்?"

செல்வநாயகம் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டார். சொன்னது உண்மைதான். மூன்றாம் நாள் பேப்பரோடு வந்தபோது பையனின் முகம் வீங்கி, கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு இன்னும் நாலு பேருக்குச் சொன்னார்.

பதினெட்டு வயதுப் பையன் பெருநாளில் ஒரு நாள் குடித்திருந்தால்தான் என்ன? அதை ஊருக்குச் சொல்ல வேண்டிய தேவை தனக்கு என்ன இருந்தது? தான் சொல்லச் சொல்லக் கேட்டுச் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

நத்தாருக்கு முதல் நாள் காலையில் உறைக்குள் ஐயாயிரம் வைத்துக்கொண்டு, பேப்பர்க் கட்டுப் பிரிக்கும் சந்திக்கே போனார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அனோஜன் புறப்படப் போன நேரம், சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, போன வருசம் நான் உன்னைப் பற்றிக் கதைச்சது பிழை. மனசிலை வைச்சிருக்காதை. இதை வாங்கு."

"நான் ஒண்டும் வைச்சிருக்கேல்லை ஐயா. காசு வேண்டாம். நேரம் போகுது, விடுங்கோ."

"எல்லாரிட்டையும் வாங்கிறாய்தானே?"

பையன் தலையைக் குனிந்தான். கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கையில் தேத்தண்ணிக் கிளாசோடு எழும்பி வாசலுக்கு வந்தார். எல்லோருக்கும் முன்னால், நீட்டிய உறையோடு நிற்க செல்வநாயகத்துக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்த வாயிலிருந்து அதட்டல்தான் வந்தது.

"ஏன், மற்றவையின்ரை காசுதான் காசோ? என்ரை காசு காசில்லையோ?"

அனோஜன் கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு சைக்கிளைச் சரித்துப் பிடித்து, அவருடைய காதுக்குக் கிட்ட வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"போனமுறை நீங்கள் தந்தது கள்ள நோட்டு ஐயா, பொலிசிலை ரெண்டு நாள் வைச்சு அடிச்சுக் கேட்டும் உங்கடை பேரை நான் சொல்லேல்லை."