ரோஷிணியின் வயது

சாரணர் முகாமில் இப்போது பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை. கருவியில் கை வைத்தால் மனதின் வயதைச் சொல்லிவிடும், அதன்படிதான் பிரிவு. எட்டு வயது ரோஷிணிக்கு அது பதினான்கு என்று காட்டியது.

அவள் அம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

“நீ பெரியவங்க கூடாரத்துக்குப் போகணும்டா,” என்றார் சின்னவர்களான குருளையர்களைக் கவனித்துக்கொள்ளும் ஜெஸிந்தா மிஸ். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கியது. போன முகாமில் எல்லோரையும்விட உயரமாகத் துள்ளியவள் இவள்.

“சிரிச்சுக்கிட்டே கை வைடி, குறைஞ்சிடும்,” என்றாள் தோழி அஸ்வதா.

ரோஷிணி பல் தெரியச் சிரித்தபடி மறுபடி கை வைத்தாள். குறையட்டும் என்று ஜெஸிந்தாவும் வேண்டிக்கொண்டார்.

பதினாறு.

சிரிப்பைக் கலைக்காமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்ட ரோஷிணி, “பரவாயில்ல மிஸ், நீங்க அழாதீங்க,” என்றாள்.