மெல்லிய வயர்

“வண்டி ஓட ஓட பேட்டரி தானா நிறைஞ்சிடுமாக்கா?” என்று தங்கை ஒருமுறை கேட்டிருந்தாள். அன்று தலையாட்டிய அக்கா, இப்போது தங்கை தனியாக நெடும்பயணம் போகக் காருக்குப் பின்னால் மாட்டிய குட்டி ட்ரெய்லரின் அடியில் மல்லாந்து படுத்து, நேற்று தானே பொருத்திய மெல்லிய வயரை உருவிக்கொண்டிருக்கிறாள். சக்கரங்களுக்கு இடையே நுழையும் காலை வெளிச்சம் அவள் கன்னத்துக் கிரீஸில் மினுங்குகிறது. அந்த வயரில் விளக்கு எரியும், பேட்டரி நிறையாது. இரண்டொரு நாளில் உள்ளிருக்கும் சின்ன ஃபிரிட்ஜ் நின்றுபோகும். அதிலுள்ள தன் இன்சுலினைக் காப்பாற்றத் தங்கை பாதி வழியில் வீட்டுக்கே திரும்பிவிடுவாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அக்கா மட்டும்தான். தெரிந்தேதான் பொருத்தினாள், பிறகு இரவெல்லாம் கண் மூடவில்லை.

பக்கத்தில் தங்கையின் செருப்புகள் வந்து நிற்கின்றன. “நான் கை வச்சா ஒரே தடவைதான்னு பீத்திக்குவியே, இப்ப என்னாச்சு?” “வயரு மெலிசுடி. வழியில உன் மருந்து கெட்டுப்போயிடும்.” “அது நேத்து தெரியலையா உனக்கு?” அக்கா மெல்லிய வயரைத் தரையில் போட்டுவிட்டு, விரல் தடிமனான சிவப்பு வயரை மாட்டி, நட்டு முனகும்வரை இறுக்குகிறாள். “இன்ஜினப் போடு.” மீட்டரில் எண் மெதுவாக ஏறிப் பதினாலு வோல்ட்டைத் தொடுகிறது, பேட்டரி நிறையத் தொடங்கிவிட்டது. தங்கை இறங்கி வருகிறாள். தரையில் கிடக்கும் மெல்லிய வயரை வெகுநேரம் பார்க்கிறாள். பிறகு குனிந்து, தன் சட்டைக் கையால் அக்காவின் கன்னத்துக் கிரீஸை அழுந்தத் துடைத்துவிட்டு, காரில் ஏறிப் போகிறாள்.